பழைய கியர் வண்டிகளும் ஸ்டார்ட்டர் பாதுகாப்பு சுவிட்சும்: முழுமையான வழிகாட்டி

அம்பாசிடர், ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வில்லிஸ் ஜீப் என்று எதை வைத்திருந்தாலும் ஒன்று நிச்சயம்: சாவியைத் திருப்பினால், பழைய ஜீப்பில் பொத்தானை மிதித்தால், செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுத்தும். வண்டி கியரில் நிற்கிறதா, கிளட்சை மிதித்தீர்களா என்றெல்லாம் அது பார்க்காது. முதல் கியரில் நிற்கும் வண்டியில் செல்ஃப் அடித்தால் வண்டி ஒரு முழம் தாவும். எஞ்சின் பிடித்துக்கொண்டால் ஒரு முழத்தோடு நிற்காது.

இப்போது வரும் பல கார்கள் கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட் ஆவதில்லை. அதில் ஓட்டிப் பழகியவர்கள் அப்பாவின் பழைய வண்டியில் ஏறும்போதுதான் சிக்கல். விபத்து நடப்பது பெரும்பாலும் சாலையில் அல்ல, வீட்டு வாசலிலும் ஒர்க் ஷாப்பிலும்தான். பானெட்டைத் திறந்து ஒருவர் குனிந்திருப்பார். இன்னொருவர் வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்புவார். கிளட்ச் பெடலுக்கும் பிரேக்குக்கும் பக்கத்தில் எந்தக் காலும் இருக்காது. ஹேண்ட் பிரேக் சரியில்லாத வண்டி என்றால் ராத்திரி கியரில் போட்டுத்தான் நிறுத்தியிருப்பார்கள்.

இந்த வழிகாட்டி இரண்டு காரியங்களுக்கு. ஒன்று, பழைய கியர் பாக்ஸின் குணங்களைத் தெரிந்துகொண்டு நியூட்ரலை உறுதிசெய்வது. இரண்டு, ஸ்டார்ட்டர் பாதுகாப்பு சுவிட்ச் (கிளட்சை மிதிக்காமல் செல்ஃப் சுத்தவிடாத சுவிட்ச்) இருக்கிற வண்டியில் கோளாறு பார்ப்பதும், இல்லாத வண்டியில் ஒழுங்காக ஒன்றைப் பொருத்துவதும். வரிசை முக்கியம். சுவிட்ச் மாட்டிவிட்டால் நியூட்ரலைப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைப்பவர்கள் சுவிட்ச் மாட்டாமல் இருப்பதே மேல். ஏன் என்பது நான்காம் படியில் வரும்.

படி 1: உங்கள் வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பாருங்கள்

சுவிட்ச், ரிலே என்று இறங்குவதற்கு முன்னால், செல்ஃபுக்குக் கரண்ட் எந்த வழியாகப் போகிறது என்று தெரிய வேண்டும்.

மிகப் பழைய வழி கால் ஸ்டார்ட்டர். வில்லிஸ் ஜீப்பிலும், 1940களின் பல அமெரிக்க வண்டிகளிலும் ஆக்ஸிலரேட்டருக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை மிதித்தால் பேட்டரியின் முழுக் கரண்டும் அந்த சுவிட்ச் வழியாகவே மோட்டாருக்குப் போகும். இடையில் ரிலே, சோலினாய்டு (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் மின்காந்த சுவிட்சுகள்) எதுவும் கிடையாது. பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் டேஷ்போர்டில் ஒரு குமிழ். இழுத்தால் கேபிள் வழியாகச் சுவிட்ச் மூடும். பின்னால் வந்தவை சாவி வழியாகச் சோலினாய்டை இயக்குபவை. இந்த மூன்றாம் வகையில்தான் பாதுகாப்பு சுவிட்சைச் சுலபமாகச் சேர்க்க முடியும். முதல் இரண்டு வகைக்கும் சோலினாய்டு போட்டு மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் வண்டியின் அசல் தன்மை போய்விடும். கால் ஸ்டார்ட்டர் ஜீப்பை அப்படியே விட்டுவிடுவதுதான் என் கட்சி. ஒரு கால் கிளட்சிலும் ஒரு கால் ஸ்டார்ட்டரிலும் இருப்பதால், ஆள் உள்ளே உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற பாதுகாப்பாவது அதில் இருக்கிறது.

அமெரிக்காவில் சில கம்பெனிகள் இதற்கு வேடிக்கையான வழிகள் கண்டுபிடித்தன. ஸ்டூடிபேக்கர் வண்டிகளில் ஸ்டார்ட்டர் சுவிட்ச் கிளட்ச் பெடலுக்கு அடியிலேயே இருந்தது. சாவியை ஆன் செய்து கிளட்சைத் தரை வரை அழுத்தினால் செல்ஃப் சுத்தும். இன்றைய கிளட்ச் சுவிட்சுக்கு அதைத்தான் பாட்டன் என்று சொல்ல வேண்டும். பியூக் 1930களின் நடுவிலிருந்து 1960 வரை ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஸ்டார்ட் செய்யும் முறையை வைத்திருந்தது. கார்புரேட்டரில் உள்ள சுவிட்ச், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வேக்குவத்தால் விலகிக்கொள்ளும். ஓடும்போது மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் செல்ஃப் சுத்தாது.

சட்டம் என்று பார்த்தால், அமெரிக்கக் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்பு விதிகளில் 102ஆம் எண் விதி 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி ஓடும் கியரில் இருக்கும்போது செல்ஃப் இயங்கக் கூடாது என்று அது கட்டாயப்படுத்தியது. கையால் கியர் போடும் வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கியர் வரைபடம் ஓட்டுநர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதிலும் வழக்கமான அமைப்புள்ள மூன்று கியர் வண்டிக்கு விலக்கு. ஆகவே 1960களின் மஸ்டாங்கையோ கமாரோவையோ வாங்குபவர், கையால் கியர் போடும் வண்டி என்றால், பாதுகாப்பு சுவிட்ச் இருக்காது என்று வைத்துக்கொண்டே தொடங்கலாம்.

இன்னும் இரண்டு விநோதங்கள் உண்டு. 1969 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்டியரிங் பூட்டு கொண்டுவந்தபோது, கியர் பாக்ஸிலிருந்து ஸ்டியரிங் தண்டுக்கு ஒரு லிங்க் ராடும் போட்டார்கள். ரிவர்ஸில் போட்டால்தான் பூட்டு விழும், சாவி வெளியே வரும். அந்த ராடைப் பாதிப் பேர் கழற்றி எறிந்துவிட்டார்கள். ராடு இருக்கிற வண்டி என்றால், நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு போன ஒவ்வொரு வண்டியும் ரிவர்ஸில் நிற்கிறது என்று பொருள். ஸாப் 99லும் இதே கதை. அதன் சாவி துவாரமே இரண்டு சீட்டுக்கும் நடுவில், கியர் லீவர் பக்கத்தில் இருக்கும். ரிவர்ஸ் போடாமல் சாவியை எடுக்க முடியாது. இரண்டிலுமே காலையில் சாவியைப் போடும்போது வண்டி கியரில்தான் இருக்கும்.

மற்றொன்று 1974 மாடல் அமெரிக்க வண்டிகள். முன் சீட்டில் ஆள் இருந்து பெல்ட் போடவில்லை என்றால் செல்ஃப் சுத்தாது என்ற ஏற்பாடு அந்த ஆண்டு கட்டாயமாக இருந்தது. சீட்டில் காய்கறிப் பையை வைத்தாலே வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று மக்கள் கொதித்துப்போய், அதே ஆண்டு அக்டோபரில் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். அந்த ஆண்டு வண்டி ஒன்று செல்ஃப் அடிக்கவில்லை என்றால் கிளட்ச் சுவிட்சைக் குறை சொல்வதற்கு முன் சீட் அடியில் உள்ள வயர்களைப் பாருங்கள்.

படி 2: நியூட்ரலைக் கையால் உணருங்கள்

ஃப்ளோர் கியரில் இது சுலபம். லீவரை நடுவில் வைத்து இடமும் வலமும் ஆட்டினால் தாராளமாக ஆட வேண்டும். கியரில் இருந்தால் பக்கவாட்டில் அசைவே இருக்காது. தேய்ந்த வண்டியில் சும்மா லொடலொட என்று கொஞ்சம் ஆடும். இந்த லொடலொடப்பைத்தான் நியூட்ரல் என்று ஏமாறுகிறோம். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி: எஞ்சினை அணைத்துவிட்டு, வேண்டுமென்றே மூன்றாம் கியரில் போட்டு ஆட்டிப் பாருங்கள். பிறகு நியூட்ரலில் ஆட்டிப் பாருங்கள். கைக்கு இரண்டும் பழகிவிடும்.

ஹேண்ட் கியர் கொஞ்சம் விஷமம் பிடித்தது. ஸ்டியரிங் தண்டில் இருக்கும் லீவர் நமக்குக் காட்டுவது கியர் பாக்ஸை அல்ல, நடுவில் உள்ள ராடுகளையும் புஷ்களையும்தான். புஷ் தேய்ந்துபோன அம்பாசிடரில் லீவர் நியூட்ரல் இடத்தில் நிற்கும், பாக்ஸுக்குள் கியர் விழுந்தே இருக்கும். இதற்கு வைத்தியம் கண்ணால் பார்ப்பதல்ல. லீவரை நம் பக்கமும் எதிர்ப் பக்கமும் இழுத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். நியூட்ரலில் அது ஸ்பிரிங்குக்கு எதிராகப் போய்த் தானாகத் திரும்பும். நடுவில் தட்டினால், இறுகினால் நம்பாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் கடைசிச் சோதனை: சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு வண்டியை ஒரு கையால் முன்னும் பின்னும் தள்ளுங்கள். உருண்டால் நியூட்ரல். எஞ்சினோடு சேர்ந்து முட்டிக்கொண்டு நின்றால் கியர். முன்னால் ஹேண்டில் போட்டுச் சுத்தி ஸ்டார்ட் செய்பவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் அவர்கள் நிற்பதே வண்டியின் முன்னால். (ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்து உதைத்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல்தான் முதலில் போகும்.)

படி 3: கியர் பாக்ஸின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய வண்டிகளின் தனிக் குணங்களில் பாதி முதல் கியரில்தான் இருக்கிறது. பழைய அம்பாசிடர், ஃபியட் 1100, ஹெரால்டு எல்லாவற்றிலும் இரண்டு, மூன்று, நான்குக்கு மட்டுமே சின்க்ரோ (பல் உரசாமல் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) உண்டு. வில்லிஸ் ஜீப்பிலும் முதல் கியருக்குக் கிடையாது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் 1961 மாடலிலிருந்துதான் நான்கு கியருக்கும் சின்க்ரோ வந்தது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியில் 1967 இறுதியில். ஆகவே வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியரைத் தேடினால் கரகர என்று பல் உரசும். கியர் பாக்ஸ் கெட்டுவிட்டதாக நினைத்து இறக்கிப் பிரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நின்ற நிலையில் முதல் கியர் உரசினால்: கிளட்சை மிதித்து இரண்டு மூன்று விநாடி பொறுங்கள். உள்ளே சுழலும் தண்டு தானாக நிற்கும். அவசரம் என்றால் முதலில் இரண்டாம் கியரைத் தொட்டுவிட்டு முதலுக்கு வாருங்கள். இரண்டின் சின்க்ரோ அந்தத் தண்டை நிறுத்திக் கொடுத்துவிடும். ரிவர்ஸுக்கும் இதே தந்திரம்தான். ஐந்து விநாடி பொறுத்தும் உரசுகிறது என்றால் குற்றம் கியர் பாக்ஸில் இல்லை, கிளட்ச் முழுதாக விடவில்லை. இதை நினைவில் வையுங்கள், அடுத்த படிக்குத் தேவைப்படும்.

ஓடும்போது முதல் கியருக்கு இறங்க வேண்டிய மேடு என்றால் டபுள் கிளட்ச். கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு முறுக்கு, மறுபடி மிதித்து முதல் கியர். பழைய லாரி ஓட்டியவர்களிடம் கேட்டால் இதை மூச்சு விடுவதுபோல் செய்துகாட்டுவார்கள்.

அமெரிக்க மூன்று கியர் ஹேண்ட் கியர் வண்டிகளில் ஒரு பிரபலமான தொல்லை உண்டு. முதல் கியரிலிருந்து இரண்டுக்கு அவசரமாக மாற்றினால் லீவர் நடுவில் சிக்கிக்கொள்ளும். முன்னும் போகாது, பின்னும் வராது. இரண்டு ராடுகளும் ஒரே நேரத்தில் நியூட்ரலை விட்டு விலகியதுதான் காரணம். பலம் காட்டினால் புஷ் உடையும். எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள இரண்டு சிறு லீவர்களையும் கையாலேயே நடு நிலைக்குத் தள்ளுங்கள். லீவர் விடுபட்டுவிடும். வாரம் ஒரு முறை இப்படி ஆகிறது என்றால் ராடு நீளத்தைச் சரிசெய்யும் நேரம் வந்துவிட்டது.

ஓவர்டிரைவ் (எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் கூடுதல் மேல் கியர்) உள்ள எம்ஜிபி, டிரையம்ப் வண்டிகளில் கியர் பாக்ஸ் மேல் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். மேல் கியர்களில் மட்டும் ஓவர்டிரைவ் விழ அது அனுமதிக்கும். அதை யாராவது நேரடியாக வயர் போட்டுத் தாண்டியிருந்தால், ஓவர்டிரைவ் விழுந்த நிலையில் ரிவர்ஸ் போட்டுவிடும் அபாயம் உண்டு. அப்படி ஒரே ஒரு தடவை போட்டால் போதும், உள்ளே உள்ள ஒருவழி கிளட்ச் நொறுங்கும். ஸ்டார்ட்டர் சுவிட்சைத் தாண்டுகிற அதே கைதான் இதையும் தாண்டியிருக்கும் என்பது என் அனுபவ ஊகம். பழைய வண்டி வாங்கும்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கியர் வரைபடங்களும் ஊருக்கு ஊர் வேறு. பீட்டிலில் ரிவர்ஸுக்கு லீவரைக் கீழே அழுத்தி இடப்பக்கம் பின்னால் இழுக்க வேண்டும். சிட்ரோயன் 2சிவியிலும் தொடக்க கால போர்ஷே 911லும் முதல் கியர் இடப்பக்கம் பின்னால் இருக்கும். நாம் முதல் கியர் என்று நினைத்து முன்னால் தள்ளினால் விழுவது ரிவர்ஸ். அறிமுகம் இல்லாத வண்டியில் ஏறினால் கிளட்சை மெதுவாக விட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிட்டு ஆக்ஸிலரேட்டரைத் தொடுங்கள்.

எண்ணெய் பற்றி ஒரு வரி. எம்ஜிபி கியர் பாக்ஸுக்கு எஞ்சின் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கியர் ஆயில் கேட்கும் பாக்ஸ்களிலும், பித்தளை சின்க்ரோ வளையம் இருந்தால் ஜிஎல்-5 தரம் வேண்டாம், ஜிஎல்-4 தரம் கேட்டு வாங்குங்கள்.

படி 4: கிளட்ச் உண்மையிலேயே விடுகிறதா?

எல்லாரும் தாண்டிப்போகிற படி இதுதான். கிளட்ச் சுவிட்சுக்குத் தெரிவது பெடல் எங்கே இருக்கிறது என்பது மட்டும். உள்ளே தட்டு பிரிந்ததா என்று அதற்குத் தெரியாது.

மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற வண்டியை எடுங்கள். கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். பெடல் தரை வரை போகும், சுவிட்ச் மூடும், செல்ஃப் சுத்தும், வண்டி கியரில் இருந்தால் தாவும். ஹைட்ராலிக் கிளட்ச் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் கசிந்தாலும் இதே விளைவு: பெடல் இறங்கும், தட்டு பிரியாது. ஆகவே சுவிட்ச் இருந்தாலும் நியூட்ரல்தான் முதல் காவல்.

ஒட்டிய கிளட்சைச் சோதிக்க: எஞ்சினை அணைத்து, சமதளத்தில், இரண்டாம் கியரில் போட்டு, ஒருவர் உள்ளே கிளட்சை முழுதாக மிதித்துக்கொள்ள, மற்றவர் பின்னாலிருந்து தள்ளட்டும். வண்டி உருள வேண்டும். உருளவில்லை என்றால், ஹேண்ட் பிரேக் விட்டிருக்கிறதா, பிரேக் ஷூ ஒட்டியிருக்கிறதா என்று நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். நியூட்ரலில் உருண்டு கியரில் உருளவில்லை என்றால் கிளட்ச்தான். எஞ்சினை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து நன்றாகச் சூடேற்றுங்கள். பல நேரம் சூட்டிலேயே தட்டு விடுபடும்.

இதோடு இன்னொரு சங்கதி, முக்கியமாக ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு. சென்னை வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் தயாரித்த ஹெரால்டில் இருப்பது 948 சிசி எஞ்சின். இந்த டிரையம்ப் குடும்ப எஞ்சின்களில் கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தடுப்பது அரைநிலா வடிவ வாஷர்கள்தான். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் சுமை அவற்றின் மேல் விழும். ராத்திரி முழுக்க நின்று ஆயில் வடிந்துபோன எஞ்சினில் கிளட்சை மிதித்துச் செல்ஃப் அடிப்பது அந்த வாஷர்களை உலர்ந்த நிலையில் தேய்ப்பதாகும். முழுதாகத் தேய்ந்து வாஷர் நழுவி விழுந்த எஞ்சின்களும் உண்டு. அதனால்தான் அந்த வண்டிக்காரர்கள் நியூட்ரலில் போட்டு, கிளட்சைத் தொடாமல் ஸ்டார்ட் செய்கிறார்கள். மூட நம்பிக்கை அல்ல, சரியான பழக்கம்.

சோதித்துப் பாருங்கள்: எஞ்சின் அணைந்திருக்க, ஒருவர் கிளட்சை மிதித்து விடட்டும், நீங்கள் முன்னால் உள்ள பெல்ட் புல்லியைக் கவனியுங்கள். மிதிக்கும்போது புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தால் வாஷர் தேய்ந்திருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இந்த வகை எஞ்சினுக்குக் கிளட்ச் சுவிட்ச் வேண்டாம் என்றே சொல்வேன். நியூட்ரல் பார்க்கும் ஒழுக்கமே அதற்குப் பொருத்தம்.

படி 5: சுவிட்ச் இருக்கிற வண்டி செல்ஃப் அடிக்கவில்லை என்றால்

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக், நியூட்ரல். பிறகே மற்றது.

ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட் மங்கி அணைந்தால் பேட்டரி அல்லது டெர்மினல். லைட் அசையாமல் எரிந்து, டக் என்ற சத்தம்கூட இல்லை என்றால் ஸ்டார்ட்டர் வயரில் எங்கோ கரண்ட் அறுந்திருக்கிறது. சோலினாய்டின் சின்ன முனையில் டெஸ்ட் லாம்ப் வைத்து, கிளட்சை மிதித்து, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியில் அது ஊதா நிறத் தடித்த வயர், லூக்காஸ் வயரிங் உள்ள பிரிட்டிஷ் வண்டியில் வெள்ளையில் சிவப்புக் கோடு. லாம்ப் எரிந்தும் செல்ஃப் சுத்தவில்லை என்றால் சோலினாய்டு அல்லது மோட்டார். எரியவில்லை என்றால் கிளட்ச் சுவிட்சுக்குப் போய், அதன் இரண்டு பக்கமும் லாம்ப் வையுங்கள். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

உடனே சுவிட்சை மாற்ற ஓடாதீர்கள். முதலில் தரை விரிப்பைத் தூக்குங்கள். தடித்த ரப்பர் மேட், அதற்கு மேல் ஒரு மேட், அதற்கு அடியில் சுருண்ட பழைய கார்ப்பெட் என்று பெடல் கடைசி அரை அங்குலம் இறங்காமல் தடுப்பது அடிக்கடி நடக்கிறது. அடுத்து பெடலில் சுவிட்சின் முனையை அழுத்தும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தானைப் பாருங்கள். அது பொடிந்து விழுந்திருந்தால், துளைக்குள் முனை புகுந்து சுவிட்ச் அழுந்தவே அழுந்தாது. கிளட்ச் பெடல் அடியில் கறுப்புத் துகள்கள் கிடந்தால் அதுதான்.

சோதனைக்காகச் சுவிட்சின் இரண்டு வயர்களையும் ஒரு நிமிடம் சேர்த்துப் பார்ப்பதில் தவறில்லை. அப்படியே டேப் சுற்றிவிட்டுப் போவதுதான் தவறு. அதைவிடப் பெரிய தவறு, ஸ்குரூ டிரைவரால் சோலினாய்டு முனைகளை நேரடியாகத் தொட்டு ஸ்டார்ட் செய்வது. எந்தப் பாதுகாப்பு சுவிட்சும் அப்போது வேலை செய்யாது, நிற்பதோ சக்கரத்துக்குப் பக்கத்தில். லூக்காஸ் சோலினாய்டுகள் சிலவற்றில் ரப்பர் மூடியோடு ஒரு பொத்தான் இருக்கும். பானெட் பக்கமிருந்தே அழுத்திச் செல்ஃப் சுத்த வைக்கலாம். டேப்பட் சரிசெய்யும்போது வசதிதான். வண்டி கியரில் இருந்தால் அதுவும் ஸ்குரூ டிரைவரும் ஒன்று.

படி 6: இல்லாத வண்டிக்கு ஒன்றைப் பொருத்துவது

பொருத்துபவர்கள் பெரும்பாலும் பிரேக் லைட் சுவிட்சை வாங்கிக் கிளட்ச் பெடலின் மேல் பகுதியில் மாட்டிவிடுகிறார்கள். கடையில் சுலபமாகக் கிடைக்கிறது, அதனால். பிரச்சினை என்னவென்றால், பெடல் சற்றே நகர்ந்தாலே அது மூடிவிடும். செருப்பு உரசினாலும் செல்ஃப் சுத்தும். நமக்கு வேண்டியது, அழுத்தினால் மூடும் சுவிட்ச், பெடல் பயணத்தின் அடிப்பகுதியில்.

எங்கே வைப்பது என்று முடிவு செய்ய முதலில் கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். திறந்த சமதளத்தில், எஞ்சின் ஐடிலில், முதல் கியரில், கிளட்சை மிக மெதுவாக விடுங்கள். வண்டி அசையத் தொடங்கும் இடத்தில் பெடல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒரு குச்சியில் குறித்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் மூடும் இடம் அந்தக் குறிக்குக் குறைந்தது அரை அங்குலம் கீழே இருக்க வேண்டும். தரையைத் தொடும் இடத்திலும் வைக்காதீர்கள், மேட் கதை திரும்ப வரும்.

சுவிட்ச் வழியாகச் சோலினாய்டுக் கரண்டை நேரடியாக அனுப்ப வேண்டாம். மோட்டார் மேலேயே சோலினாய்டு உட்கார்ந்திருக்கும் வகையில், அது இழுக்கும் கணத்தில் 30 ஆம்பியரைத் தாண்டக்கூடும். சின்ன சுவிட்ச் சில மாதத்தில் கருகும். 12 வோல்ட், 40 ஆம்பியர் ரிலே ஒன்றைப் போடுங்கள். 6 வோல்ட் வண்டி என்றால் 6 வோல்ட் ரிலே. இணைப்பு இப்படி (எண்கள் ரிலேயின் முனைகளில் எழுதியிருப்பவை):

- ரிலேயின் 30: சோலினாய்டின் பேட்டரி முனையிலிருந்து, பியூஸ் வழியாக. மோட்டார் மேல் சோலினாய்டு என்றால் 4 சதுர மில்லிமீட்டர் வயர்.
- 87: சோலினாய்டின் சின்ன முனைக்கு, அதே தடிமன் வயர்.
- 86: சாவியிலிருந்து வரும் ஸ்டார்ட் வயர், 5 ஆம்பியர் பியூஸ், கிளட்ச் சுவிட்ச் ஆகியவற்றைத் தாண்டி இங்கே.
- 85: எர்த்.

பல வரைபடங்களில் சுவிட்சை 85 பக்கம், எர்த் வழியில் காட்டியிருப்பார்கள். ஒரு வயர் மிச்சம் என்பதைத் தவிர அதில் நன்மை இல்லை. அந்த வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் எர்த் தானாகக் கிடைத்துவிடும். சுவிட்ச் செயலிழந்தது யாருக்கும் தெரியாது, வண்டி வழக்கம்போல் ஸ்டார்ட் ஆகும். சாவி பக்கம் போட்டால் வயர் உரசினால் பியூஸ் போகும், செல்ஃப் சுத்தாது. கெட்டுப்போவதே என்றாலும் இந்தப் பக்கம்தான் கெட்டுப்போக வேண்டும்.

பாசிட்டிவ் எர்த் உள்ள பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் சாதாரண ரிலே காயிலுக்குப் பேதம் இல்லை. உள்ளே டயோடு உள்ள ரிலேயை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மேட்டில் எஞ்சின் நின்றுவிட்டால், முதல் கியரில் போட்டபடி செல்ஃப் மோட்டாராலேயே வண்டியை நகர்த்தலாம் என்பது காட்டுப் பாதையில் ஓட்டுபவர்களின் பழைய உத்தி. டொயோட்டா தன் நான்கு சக்கர இழுவை வண்டிகள் சிலவற்றில் இதற்காகவே கிளட்ச் சுவிட்சைத் தற்காலிகமாக ரத்து செய்யும் பொத்தானைக் கொடுத்தது. ஜீப் வைத்து மலை ஏறுபவர் என்றால் சுவிட்சுக்கு இணையாக ஒரு பொத்தான் போடலாம். கையை எடுத்தால் விட்டுவிடும் வகையாக இருக்கட்டும், ஆன் செய்து மறந்துவிடும் வகை வேண்டாம். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு இது தேவையே இல்லை. தள்ளி ஸ்டார்ட் செய்வதைக் கிளட்ச் சுவிட்ச் தடுக்காது, அந்தக் கவலையும் வேண்டாம்.

படி 7: சோதனை

எஞ்சின் பிடிக்காதபடி செய்யுங்கள். பெட்ரோல் வண்டியில் காயிலுக்குச் சாவியிலிருந்து வரும் மெல்லிய வயரைக் கழற்றி டேப் சுற்றுங்கள். டீசல் அம்பாசிடர் என்றால் எரிபொருள் போகாதபடி நிறுத்த வேண்டும். முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடம், ஹேண்ட் பிரேக், சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டை. கட்டை ஒட்டி இருந்தால் வண்டி தாவியதே தெரியாது.

முதல் கியரில் போட்டு, கிளட்சைத் தொடாமல் சாவியைத் திருப்புங்கள். ஒன்றும் நடக்கக் கூடாது. பெடலைப் பாதி மிதித்துத் திருப்புங்கள். அப்போதும் நடக்கக் கூடாது. சாவியைத் திருப்பியே வைத்துக்கொண்டு பெடலை மெல்ல இறக்குங்கள். செல்ஃப் சுத்தத் தொடங்கும் கணத்தில் வண்டி துளியும் அசையக் கூடாது. அசைந்தால் சுவிட்ச் மேலே இருக்கிறது, அல்லது கிளட்ச் முழுதாக விடவில்லை. இதே சோதனையை ரிவர்ஸிலும் செய்யுங்கள்.

சோலினாய்டு முன்பைவிட மந்தமாக மூடுவதுபோல் தெரிந்தால், சுத்தும்போது பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் சோலினாய்டின் சின்ன முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் நெகட்டிவ் முனையிலிருந்து பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ ஒரு கிரிம்ப் சரியில்லை.

காயில் வயரைத் திரும்ப மாட்டுங்கள். ரிலே மேல் "ஸ்டார்ட்டர் – கிளட்ச் சுவிட்ச்" என்று எழுதி ஒட்டி, வயர் நிறங்களோடு ஒரு படம் வரைந்து வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள். அடுத்து இந்த வண்டியைத் தொடப்போகும் எலக்ட்ரீஷியன், என்னவென்று தெரியாத ரிலேயைக் கண்டால் முதலில் செய்வது அதைத் தாண்டி ஒரு வயர் போடுவதுதான்.